கேட்காமல் எழுதிய பதில்

அன்புள்ள மகனுக்கு,

உன் கடிதம் போன செவ்வாய்க்கிழமை கிடைத்தது. கப்பல் ஏறி வந்ததில் உறை ஒரு பக்கம் ஈரம் பட்டு உப்பியிருந்தது. உள்ளே எழுத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. உன் அம்மாவுக்கு முழங்கால் வலி கொஞ்சம் தேவலை. எனக்கு இடது கண்ணில் புகை படர்ந்த மாதிரி இருக்கிறது, அதனால் வரிகள் மேலும் கீழும் போனால் சிரிக்காதே. மூலக்குளத்தில் மூன்று நாளாகத் தூறல் விடவில்லை. நலம் விசாரிப்பு இதோடு போதும். இந்தக் கடிதத்தில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அதைச் சொல்லாமல் தப்பிக்க மழையையும் முழங்காலையும் பற்றி இரண்டு பக்கம் எழுதிவிடுவேன் என்று உன் அம்மாவுக்குத் தெரியும். அதனால்தான் அவள் எனக்கு எதிரில் நாற்காலி போட்டு உட்கார்ந்து அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருக்கிறாள். பேனா நின்றால் தலை நிமிர்கிறது.

சனிக்கிழமைதோறும் உன் பரிசோதனைச் சாலையில் வேலை முடிந்ததும் நீங்கள் ஏழெட்டுப் பேர் உட்கார்ந்து விவாதம் செய்வதாக எழுதியிருந்தாய். பல்கலைக்கழகத்துக்குள் உட்கார்ந்து நாம் கண்டுபிடிப்பதெல்லாம் வெளியே தெருவில் போகிறவனுக்கு எந்த விதத்தில் சேர்கிறது என்பதுதான் பேச்சு என்றாய். உண்மையைக் கண்டுபிடிப்பதோடு ஆராய்ச்சிக்காரன் வேலை தீர்ந்தது, அதை எடுத்துப் பயன்படுத்துவது சர்க்கார் பாடு என்று ஒரு தோழன் சொல்கிறானாம். துணி துவைக்கிறவளுக்கு விளங்காத உண்மை எனக்கு எதற்கு என்று இன்னொருத்தன் மேசையைத் தட்டுகிறானாம். நடுவில் நீ எழுந்து, "என் தகப்பனார் பல வருஷம் ஆராய்ச்சிக்காரர்களோடு வீடு வீடாகப் போனவர், அவரைக் கேட்டு எழுதுகிறேன்" என்று சொன்னாயாம். படித்தபோது எனக்குத் தலைகால் புரியவில்லை. பிரான்சு தேசத்தில் படித்தவர்கள் கூடிய இடத்தில் என் பேச்சு அடிபடுகிறதே என்று பக்கத்து வீட்டுக்காரரிடம் போய்ச் சொல்லக்கூடச் செருப்பை மாட்டிவிட்டேன். மாட்டிக்கொண்டே இரண்டாம் பக்கத்தைப் புரட்டினேன். செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார்ந்துவிட்டேன்.

அந்தப் பக்கத்தில் நீ எழுதியிருந்தது இது. உங்கள் நூலகத்தில் பழைய அறிக்கை ஒன்று அகப்பட்டதாம். யுத்தம் முடிந்து மூன்றாவது மழைக்காலத்துக்கு முன்னால், புதுச்சேரியில் குடிதண்ணீரையும் குழந்தைச் சாவையும் பற்றி எடுத்த கணக்கு. அதில் நகரத்துத் தெருக்களில் குழந்தைகள் இறந்துபோயிருக்க, சாரத்தில் நாம் குடியிருந்த கிணற்றுச் சந்திலும் அதைச் சுற்றிலும் மட்டும் வீட்டுக்கு வீடு ஒரு சாவும் இல்லை என்று இருக்கிறதாம். அந்தப் பக்கத்துக் கிணற்று மண்ணில் ஏதோ விசேஷம் இருக்க வேண்டும் என்று உன் பேராசிரியர் நினைக்கிறாராம். நீயும் உன் ஆராய்ச்சி நூலை அதன் மேலேயே கட்டிக்கொண்டிருக்கிறாயாம். கடைசிப் பக்கத்தில் 'சுதேசி துபாஷி ஒருவருக்கு நன்றி' என்று போட்டிருப்பதைத் தொட்டுப் பார்த்தேன் அப்பா என்று எழுதியிருந்தாய். என் பழைய நோட்டுகளைப் பத்திரமாகக் கட்டி அடுத்த கப்பலில் அனுப்பச் சொல்லியிருந்தாய்.

நோட்டுகள் இருக்கின்றன. பச்சை அட்டை, மூன்று. கரையான்கூடத் தொடவில்லை. ஆனால் அவற்றின் மேல் நீ எதையும் கட்டாதே. அவற்றில் இருக்கிறது பொய். எழுதியவன் நான்.

எழுதிவிட்டேன். உன் அம்மா நிமிர்ந்து பார்த்துவிட்டு மறுபடி கல் பொறுக்குகிறாள். இனிமேல் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன்.

உனக்கு அப்போது ஒன்பது வயது. நான் தொப்பி போட்டுக்கொண்டு திரிந்தது உனக்கு நினைவிருக்கும். சுகாதார இலாகாவில் துபாஷி வேலை. பிரெஞ்சை நான் பேசினால் பிரெஞ்சுக்காரனே திரும்பிப் பார்ப்பான் என்று எனக்கு ஓர் எண்ணம். கடல் தாண்டி இரண்டு பேர் வந்தார்கள். ஒருவர் பெரிய டாக்டர், தாடி வைத்தவர், வெயில் ஆகாது, அலுவலகத்தை விட்டு நகர மாட்டார். இன்னொருவர் இளைய டாக்டர், உன் இப்போதைய வயதுதான் இருக்கும். அவரோடு சாரம், உழவர்கரைப் பக்கம் வீடு வீடாகப் போய்க் கேள்வி கேட்டு எழுத வேண்டியது என் வேலை. எந்தக் கிணற்றுத் தண்ணீர், எத்தனை பேர், என்ன சாப்பாடு என்று வரிசையாகப் பன்னிரண்டு கேள்விகள். எட்டாவது கேள்வி, பெற்றது எத்தனை, அதில் இறந்தது எத்தனை.

இதை நம் ஊரில் யார் கேட்பார்கள், நீயே சொல். ஒரு தாயைப் பார்த்து உன் பிள்ளைகளை எண்ணிச் சொல் என்று அவளைப் பெற்றவள்கூடக் கேட்க மாட்டாள். இந்துக் குடும்பமானால் கண்பட்டுவிடும் என்பார்கள். நம் கிறிஸ்தவக் குடும்பங்களில் ஞானஸ்நானம் பெற்றுச் செத்த குழந்தை சம்மனசாகி, வானதூதனாகி, பரலோகத்தில் இருக்கிறது, அதைச் செத்ததில் சேர்த்துச் சொல்லக்கூடாது என்பார்கள். பேச்சு இரண்டு விதம், பூட்டிய வாய் ஒன்றுதான். இது எனக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் காகிதத்தில் அச்சடித்த கேள்வி, பக்கத்தில் வெள்ளைக்கார டாக்டர், தலையில் தொப்பி. முதல் வீட்டிலேயே அப்படியே கேட்டுவிட்டேன்.

அது தனபாக்கியத்தின் வீடு. நம் சந்தில் கடைசி வீடு, உழவர் குடும்பம். உனக்கு வேர்க்கடலை அவித்துக் கொடுப்பாளே, அவள்தான். இடுப்பில் ஒரு பெண் குழந்தை, பால் பல் நாலு முளைத்தது. நான் கேட்டு முடிக்கவில்லை, அவள் முகம் மாறிவிட்டது. "காலங்காத்தால வந்து எம் புள்ளைங்கள எண்றியே, நீயெல்லாம் புள்ள பெத்தவன்தானா?" என்றாள். குழந்தையின் தலையைச் சுற்றி மூன்று தரம் துப்பினாள். உள்ளே போய்க் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள். சந்து முழுக்க அந்தத் தாழ்ப்பாள் சத்தம் கேட்டது. நாலு வீட்டிலிருந்து தலைகள் எட்டிப் பார்த்தன. எல்லாம் எனக்குத் தெரிந்த தலைகள், தினமும் முகத்தில் விழிக்க வேண்டியவர்கள்.

இளைய டாக்டர் பென்சிலை வைத்துக்கொண்டு, "என்ன சொல்கிறாள்?" என்று கேட்டார். நான் தொப்பியைச் சரி பண்ணிக்கொண்டு, "ஒன்றும் இறக்கவில்லையாம், முசியே" என்றேன்.

அவ்வளவுதான். அவர் நன்றி சொன்னார். நோட்டில் அந்தக் கட்டத்தில் நான் 'நெயான்' என்று எழுதினேன். ஒன்றுமில்லை என்பதற்குச் சர்க்கார் காகிதங்களில் எழுதுகிற சொல் அது. எழுத அழகான சொல். அடுத்த வீட்டில் எட்டாவது கேள்வி வந்ததும் நான் தமிழில், "வீட்ல எல்லாரும் சௌக்கியமா?" என்று கேட்டேன். "சௌக்கியம், ஒக்காருங்க, மோர் குடிக்கிறீங்களா?" என்று பதில் வந்தது. அதைப் பிரெஞ்சில், "யாரும் இறக்கவில்லையாம்" என்று சொன்னேன். அப்புறம் எல்லா வீட்டிலும் சௌக்கியம்தான். எல்லா வீட்டிலும் மோர்தான். ஜனங்கள் நம்மிடம் எவ்வளவு பிரியமாகப் பேசுகிறார்கள் என்று டாக்டருக்கு ஒரே சந்தோஷம். ஒரு மாதத்தில் மூன்று நோட்டும் நிறைந்துவிட்டன. மற்றப் பதினொரு கேள்விகளுக்கு நான் எழுதியது எல்லாம் உள்ளபடி. அதை ஒரு சமாதானமாகப் பல வருஷம் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன்.

நகரத்துக்குள் கணக்கெடுத்தவள் ஒரு மருத்துவச்சி. அவள் அந்தத் தெருக்களில் பாதிக் குழந்தைகளைத் தன் கையில் ஏந்தியவள். அவளிடம் பெண்கள் மறைக்கவில்லை. அதனால்தான் நகரத்துக் கட்டங்களில் எண்கள் இருந்தன, என் கட்டங்களில் நெயான் இருந்தது. உன் பேராசிரியர் தேடுகிற மண்ணின் விசேஷம் இதுதான்.

இப்போது நீ கேட்ட விவாதத்துக்கு வருகிறேன். உங்கள் சனிக்கிழமைப் பேச்சை நான் அன்றே கேட்டிருக்கிறேன். கணக்கெல்லாம் முடிந்து ஒரு மத்தியானம் அலுவலகத்துத் தாழ்வாரத்தில் இரண்டு டாக்டர்களும் எலுமிச்சைச் சாறு குடித்தபடி பேசிக்கொண்டிருந்தார்கள். நான் காகிதங்களை அடுக்கிக்கொண்டிருந்தேன். இளையவர் சொன்னார், "நாம் தெரிந்துகொண்டதால் அந்தக் கிணற்றங்கரைப் பெண்ணுக்கு ஒன்றும் கிடைக்காது என்றால், அவள் கதவைத் தட்ட நமக்கு என்ன உரிமை?" பெரியவர் சிரித்தார். "நீ அளக்கிறவன். அளந்து கொடு. சாலை போடுகிறவன் வேறே" என்றார். இளையவர் விடவில்லை. ஜனங்கள் இல்லாமல் நமக்கு ஆராய்ச்சியே இல்லையே, அவர்களுக்குத் திருப்பிக் கொடுக்க வேண்டாமா என்றார். பெரியவர், முதலில் சரியாக எண்ணக் கற்றுக்கொள், அதுவே பெரிய தானம் என்றார். அப்போது இளையவர் சட்டென்று என் பக்கம் திரும்பினார். "நீங்கள் சொல்லுங்கள். ஜனங்கள் எங்களைப் பற்றி என்ன நினைக்கிறார்கள்?"

என் வாழ்நாளில் ஒரு விஞ்ஞானி என்னிடம் கேட்ட ஒரே கேள்வி அது. துபாஷியிடம் மற்றவர்கள் சொன்னதைத்தான் கேட்பார்கள். நீ என்ன நினைக்கிறாய் என்று யாரும் கேட்டதில்லை. சாரத்தில் எங்களுக்குப் 'புள்ள எண்றவங்க' என்று பெயர் வைத்திருந்தார்கள். நாங்கள் சந்து முனையில் திரும்பினாலே தாய்மார்கள் குழந்தைகளை உள்ளே இழுத்துக்கொண்டார்கள். அதைச் சொல்லியிருக்கலாம். எட்டாவது கேள்வியை ஒரு வீட்டில்தான் கேட்டேன் என்று அப்போதாவது சொல்லியிருக்கலாம். அவர் கோபித்துக்கொண்டிருக்க மாட்டார், மறுபடி போகலாம் வாருங்கள் என்று எழுந்திருப்பார், அப்படிப்பட்ட ஆள். நான் எழுந்து நின்று, "மிகுந்த நன்றியோடு இருக்கிறார்கள், முசியே" என்றேன். பெரியவர் தலையாட்டினார். இளையவர் அதையும் எழுதிக்கொண்டார்.

அறிக்கை அச்சானது. எந்தெந்தக் கிணறுகளை மூடிக் கைப்பம்பு வைக்க வேண்டும் என்று ஒரு பட்டியல் அதோடு போனது. நம் சந்துக் கிணறு அதில் இல்லை. நல்ல தண்ணீர் என்று எழுதியாகிவிட்டதே. அடுத்த மழையில் தெருவெள்ளம் கிணற்றுக்குள் இறங்கியது. வாந்திபேதி வந்தது. உன்னை உன் மாமா வீட்டுக்கு மூன்று வாரம் அனுப்பி வைத்தோமே, கொய்யாக்காய் தின்று வயிறு கெட்டுத் திரும்பி வந்தாயே, அந்தச் சமயம்தான். தனபாக்கியத்தின் இடுப்பிலிருந்த அந்தப் பெண் போய்விட்டது.

கைப்பம்பு வந்திருந்தால் அது பிழைத்திருக்குமா? எனக்குத் தெரியாது. பட்டியலில் இருந்த தெருக்களுக்கே பம்பு வந்து சேர இரண்டு வருஷம் ஆயிற்று. சர்க்கார் காகிதம் எப்படி நகரும் என்று எனக்குத் தெரியாததா. இப்படி ஆயிரம் தடவை கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டேன். ஆனால் ஒரு நாள் காலையில் கிணற்றங்கரையில் தனபாக்கியம் என்னைப் பார்த்து, "அன்னிக்கி எண்ண வந்தீங்களே, எண்ணிட்டீங்களா, திருப்தியா?" என்று கேட்டாள். சத்தம் போடவில்லை, சாதாரணமாகக் கேட்டாள். நான் எண்ண வந்ததால் குழந்தை போயிற்று என்று அவள் நம்பினாள். எண்ணாமல் விட்டதால் போயிற்று என்று எனக்குத் தெரியும். அவளிடம் அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அந்த வருஷமே வீட்டை மாற்றிக்கொண்டு மூலக்குளத்துக்கு வந்தோம். உன் பள்ளிக்கூடத்துக்காக என்று உன்னிடம் சொன்னேன். இங்கிருந்து உன் பள்ளிக்கூடம் தூரம். நீ மழையில் நனைந்து நடந்தாய், பாவம்.

இதோடு முடிந்தால் எழுதுவது எனக்குச் சுலபம். உன் அம்மா முடிக்க விடவில்லை. முறத்தை ஓரமாக வைத்துவிட்டாள்.

நம் வீடும் அந்தச் சந்தில்தானே இருந்தது. ஒரு நாள் இளைய டாக்டர் சிரித்துக்கொண்டே, உங்கள் வீட்டையும் விடக்கூடாது என்று வந்துவிட்டார். உன் அம்மா வாசற்படியில் நின்றாள், நீ அவள் புடவையைப் பிடித்துக்கொண்டு நின்றாய். அவர் ஒவ்வொன்றாகக் கேட்டார். எட்டாவது கேள்வி வந்தது. உன் அம்மா கன்னியர் மடத்துப் பள்ளியில் படித்தவள் என்பதை நான் ஏனோ அந்த நிமிஷம் மறந்துபோனேன். பிரெஞ்சு பேசக் கூச்சப்படுவாளே தவிர நன்றாகப் புரியும். டாக்டர் கேட்டது அவளுக்குப் புரிந்தது. நான் அவளைப் பார்த்து, "சௌக்கியம்தானே?" என்று தமிழில் கேட்டது புரிந்தது. அவள் வாய் திறக்கும் முன்னே நான் திரும்பி, "ஒரே பையன், யாரும் இறக்கவில்லை" என்று பிரெஞ்சில் சொன்னதும் புரிந்தது. அவள் உன்னைக் கூட்டிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அன்று எனக்குச் சோறு போட்டாள், குழம்பு ஊற்றினாள், மோர் வேண்டுமா என்று கேட்டாள். அதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. இத்தனை வருஷமும் சொல்லவில்லை.

மகனே, உனக்கு ஓர் அக்காள் இருந்தாள். உனக்கு இரண்டு வருஷம் மூத்தவள். பெயர் ரோசாலி. ஒன்றரை வயது. நடக்க ஆரம்பித்து, சுவரைப் பிடித்துக்கொண்டு சமையலறை வரைக்கும் போவாள். பூனையைப் பார்த்து 'பூ' என்பாள். அதே கிணற்றுத் தண்ணீர்தான், அதே வாந்திபேதிதான். ஒரு பகல், ஒரு இரவு. கல்லறைத் திருநாளில் உன் ஆயா, தாத்தா கல்லறைக்குப் போய்விட்டுத் திரும்பும்போது உன் அம்மா மதில் ஓரத்துச் சின்னச் சிலுவைக்கும் ஒரு மெழுகுவர்த்தி ஏற்றுவாளே. யாருது என்று நீ ஒரு தரம் கேட்டாய். தெரிஞ்சவங்க வீட்டுக் குழந்தை என்று நான் சொன்னேன். நீ சின்னவன், பயப்படுவாய் என்று நினைத்தேன். பிறகு நீ பெரியவன் ஆனாய். அதற்குள் சொல்லாமலே பழகிவிட்டது. எனக்கு அவளை நினைக்கத் தெரியவில்லை, அதனால் வீட்டில் யாரையும் நினைக்க விடவில்லை. தனபாக்கியம் வீட்டு வாசலில் நான் பொய் சொன்னது கூச்சத்தால் என்று இவ்வளவு நாள் நினைத்திருந்தேன். கூச்சம் பாதிதான். அந்தக் கேள்வியைச் சந்தில் வாய்விட்டுக் கேட்டுக்கொண்டே போனால், ஒரு நாள் என் வீட்டிலும் கேட்க வேண்டியிருக்குமே என்ற பயம் மீதி.

உன் கடிதத்தைச் செவ்வாய்க்கிழமை நான் அவளுக்கு வாசித்துக் காட்டினேன். முதல் பக்கம் மட்டும். மறுநாள் அவளே எடுத்துக் கண்ணாடி போட்டு இரண்டாம் பக்கத்தையும் வாசித்துவிட்டாள். "என்னாங்க எழுதப் போறீங்க அவனுக்கு?" என்றாள்.

"நோட்டு கரையான் அரிச்சிருச்சின்னு எழுதிடறேன்" என்றேன்.

"இன்னொரு பொய்யா?" என்றாள். கண்ணாடியைக் கழற்றி மடக்கி வைத்துவிட்டு, "அந்தத் தொரகிட்ட அன்னிக்கி நானே சொல்லியிருப்பேன். எனக்கு பிரெஞ்சி தெரியும்னு உங்களுக்கு மறந்துபோச்சி. எம் பொண்ணு இருந்தாளான்னு ஊர் உலகத்துல ஒருத்தர் கேட்டாரு. கேட்டதே ஒரே ஒருத்தர். நீங்க இல்லன்னுட்டீங்க" என்றாள். அழவில்லை. "அவன் புஸ்தகம் போட்றதுக்கு முன்ன எழுதிடுங்க. இல்லன்னா நான் எழுதறேன்."

நான் ஆகட்டும் என்றேன். அவள் அதோடு விடவில்லை. வெறுமனே பொய் என்று எழுதினால் பிள்ளை கையில் என்ன மிஞ்சும், நிஜத்தையும் சேர்த்து அனுப்ப வேண்டாமா என்றாள். வெள்ளிக்கிழமை காலை சாரத்துக்கு ஒரு புஸ்புஸ் வண்டி பிடித்தோம். தள்ளுகிறவன் இரண்டு பேரையும் ஏற்றிக்கொண்டு மூச்சு வாங்கினான்; மேட்டில் நான் இறங்கி நடந்தேன். தொப்பி எடுத்துக்கொண்டு போகவில்லை.

தனபாக்கியத்துக்குத் தலை நரைத்துவிட்டது. கிணறு அப்படியேதான் இருக்கிறது. கைப்பிடிச் சுவர் ஒரு பக்கம் சரிந்திருக்கிறது. அவளோடு நாலைந்து பெண்கள் துணி அலசிக்கொண்டிருந்தார்கள். என்னைப் பார்த்ததும் பேச்சு நின்றுபோயிற்று. உன் அம்மா துவைகல்லின் ஓரத்தில் முழங்காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். யாரையும் ஒன்றும் கேட்கவில்லை. "நான் பெத்தது ரெண்டு. இருக்கறது ஒண்ணு" என்றாள். "மூத்தது பொண்ணு. ரோசாலி. இந்தத் தண்ணிதான் குடிச்சா." இருபத்தாறு வருஷத்தில் அந்தப் பெயரை அவள் வாயால் அப்போதுதான் கேட்டேன், மகனே. நான் கிணற்றுக்குள் பார்ப்பது மாதிரி திரும்பிக்கொண்டேன்.

பிறகு நான் தனபாக்கியத்திடம் சொல்ல வேண்டியதைச் சொன்னேன். "அன்னிக்கி நீ கதவச் சாத்திட்ட. ஒண்ணும் போவலன்னு நீ சொன்னதா நான் எழுதிட்டேன் தாயி. அதனாலதான் இந்தக் கிணத்துக்கு மூடி வரல." திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன், துப்பினாலும் வாங்கிக்கொள்ளத்தான் போயிருந்தேன். அவள் சேலையைப் பிழிந்து தோளில் போட்டுக்கொண்டாள். "அப்ப நீ எண்ணவே இல்லியா?" என்றாள். "இல்ல." "நீ எண்ணித்தான் போச்சின்னு பதினஞ்சி வருசமா உன்ன வைஞ்சிக்கிட்டு இருந்தனே." உட்கார்ந்துவிட்டாள். அப்புறம் தன் விரலைத் தானே மடக்க ஆரம்பித்தாள். "எனக்குப் போனது ஆறு" என்றாள். ஒவ்வொரு விரலுக்கும் ஒரு பெயர் சொன்னாள். நாலு விரல் மடக்கியதும் நிறுத்தி, "வெறும் கோடு போடாத. பேரப் போடு. இவங்கள்லாம் பேரு வச்ச புள்ளைங்க" என்றாள். பெயரோடு எழுதினேன். மற்றப் பெண்களும் துணியை வைத்துவிட்டு வந்தார்கள். மத்தியானம் வரை எழுதினேன். உன் அம்மா கேட்டாள், நான் எழுதினேன். பிரெஞ்சும் இல்லை, துபாஷியும் இல்லை. கிளம்பும்போது தனபாக்கியம் மோர் கொடுத்தாள். "ஒம் புள்ள இத வச்சி என்னா பண்ணுவான்?" என்று கேட்டாள். கேட்டு எழுதுகிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.

ஆகவே உன் சனிக்கிழமைத் தோழர்களுக்கு என் பதில் இது. அளந்து கொடுப்பதோடு வேலை தீர்ந்தது என்கிறவனிடம் சொல், சரியாக அளப்பதற்கே நீ அந்தத் துவைகல்லில் உட்கார வேண்டியிருக்கிறது. நின்றுகொண்டு கேட்டால் மோர்தான் கிடைக்கும். மேசையைத் தட்டுகிறவனிடமும் சொல், துணி துவைக்கிறவளுக்கு விளங்காது என்று அவனாக முடிவு கட்ட வேண்டாம். ஆறு விரல் மடக்கியவளுக்கு அந்தக் கிணற்றைப் பற்றி விளங்காதது ஒன்றும் இல்லை. அவளிடம் யாரும் திரும்பிப் போய்ச் சொல்லவில்லை, அவ்வளவுதான். உனக்கும் ஒன்று உண்டு. உனக்கும் அவளுக்கும் நடுவில் எப்போதும் என்னைப் போல் ஒருத்தன் நிற்பான், நன்றாக உடுத்தியிருப்பான், நல்ல பாஷை பேசுவான். அவன் சொல்வதை எழுதிக்கொள்ளும்போது அவள் முகத்தையும் ஒரு தடவை பார்.

உன் நூல் ஒரு வருஷம் தள்ளிப்போகும். பேராசிரியர் முகம் சுளிப்பார். உன்னை இவ்வளவு தூரம் அனுப்பிப் படிக்க வைத்தவன் உன் வேலையின் அடிக்கல்லையே உருவுகிறான் என்று உனக்கு ஆத்திரம் வந்தால், வரட்டும். எனக்கு எழுது, இரண்டு பக்கம் திட்டி எழுது, நான் வாசிக்கிறேன். ஆனால் என் மானத்தைக் காப்பாற்றுகிறேன் என்று மறைத்து எழுதிவிடாதே. அந்த அறிக்கையில் என் பெயர் இல்லையே என்று அன்று எனக்கு வருத்தம். பெயர் இல்லாததே நல்லதாயிற்று என்று பிற்பாடு ஆறுதல் பட்டேன். உன் நூலில் என் பெயரை முழுசாகப் போட்டு, இவன் கேட்காமல் எழுதினான் என்று எழுது. மகன் எழுதினால் எனக்கு வலிக்காது என்று சொல்ல மாட்டேன். வலிக்கும். எழுது.

பழைய மூன்று நோட்டையும் புதிய ஒன்றையும் ஒரே கட்டாகக் கட்டி அடுத்த கப்பலில் அனுப்புகிறேன். புதியது பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் எழுதுகிற நோட்டு, அட்டை மெல்லியது, பார்த்துப் பிரி. தனபாக்கியத்தின் வீடு இரண்டாவது பக்கத்தில் இருக்கிறது. எந்த வீட்டிலிருந்து ஆரம்பிக்கட்டும் என்று வெள்ளிக்கிழமை காலை வண்டியில் நான் கேட்டபோது, உன் அம்மா நோட்டை வாங்கி என் மடியில் திறந்து வைத்து விரலால் காட்டினாள். முதல் பக்கத்தின் முதல் வரியை உனக்காக இங்கேயும் எழுதுகிறேன்.

சாரம், கிணற்றுச் சந்து, எங்கள் வீடு. பிறந்தது இரண்டு, இருப்பது ஒன்று. இறந்தது ரோசாலி, பெண், ஒன்றரை வயது. சொன்னவள் தாய். எழுதியவன் தகப்பன்.